மினி டிராக்டர் மக்கர் செய்த காலை

இன்று காலை வெங்காயக் காட்டுக்கு மினி டிராக்டரை எடுக்கப் போனால், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போயிற்று என்றார் அப்பா. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ்! வயர் மாட்டும் முனையான டெர்மினலில்தான் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. புது பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் தயவுசெய்து அதைப் பாருங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவி இறுக்கினேன்.

இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை, புகையும் இல்லை. புகையே வராவிட்டால் பெரும்பாலும் டீசல் போகவில்லை என்று அர்த்தம். நேற்று டேங்க் வற்றும்வரை ஓட்டியதில் டீசல் வரும் லைனில் காற்று புகுந்திருந்தது. ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அழுத்தினேன். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!