பூட்டிக் கிடந்த மந்து

நில அளவராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், பெரும்பகுதி நீலகிரியில். எத்தனையோ புலங்களை அளந்திருக்கிறேன், பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஊட்டியை ஒட்டிய ஒரு மந்தில், அதாவது எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், இருபது நிமிடத்தில் முடித்த வேலை மட்டும் மறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜனவரி மாதம். உறைபனியில் கருகிப் புல் பழுப்பாகக் கிடந்தது. மூன்று வீடு, வட்டமாகக் கல் அடுக்கிய எருமைத் தொழுவம், கொஞ்சம் தள்ளி, கோயில் எருமைகளின் பாலைக் கடையும் பால் கோயில். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தொழுவத்தில் சாணம் காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. குறிப்பேட்டில் 'குடியிருப்பு இல்லை, பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.

மே மாதம் வேறு வேலையாக அதே வழியில் போனபோது கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சரிவு முழுக்க எருமைகள். வாசலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, தை மாசம் வந்தேன். யாரையும் காணோமே?"

"பனியில புல்லு செத்துப் போகும் சார். அப்ப நாங்க குந்தா பக்கம் போயிடுவோம். மழை பேஞ்சு புல்லு வந்தா திரும்பிடுவோம். எங்க அப்பா காலத்துலயும் இப்படித்தான்."

அலுவலகத்துக்குப் போய்த் திருத்தக் கேட்டேன். கோப்பு மேலே போய்விட்டது என்றார்கள். நான் அடுத்தடுத்து எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சில வருடம் கழித்து அந்தச் சரிவின் கீழ்ப்பகுதியில் கம்பி வேலி வந்தது. எருமைகள் தண்ணீருக்கு இறங்கும் வழி வேலிக்கு உள்ளே போய்விட்டது. 'பயன்பாட்டில் இல்லாத இடம்' என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது என் எழுத்து.

எங்கள் தொழிலில் நிலம் என்றால் நான்கு கல், ஒரு புல எண், ஒரு பெயர். பல பேர் இருந்தால் கூட்டுப் பட்டா. அதிலும் ஆளுக்கு இவ்வளவு சென்ட் என்ற கணக்குக் கூடவே வந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் இந்தக் கணக்கு நிற்பதில்லை. எருமை ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தம், புல் குலத்துக்குப் பொது. ஒரே புல்வெளி பனிக்காலத்தில் சும்மா கிடக்கும், மழைக்காலத்தில் நிறைந்திருக்கும். தண்ணீர் குடிக்க ஓர் இடம், குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிச் சடங்கோடு எருமைக்குக் கொடுக்க ஓர் இடம், கோயில் எருமைகளுக்கென்று தனியிடம். இவற்றுக்கு நடுவே ஓடும் தடம்தான் உரிமையின் முதுகெலும்பு. நான் சங்கிலி பிடித்து அளந்த எந்தப் படத்திலும் அந்தத் தடம் கிடையாது.

தமிழில் மந்தை என்றால் மாட்டுக் கூட்டமும்தான், அது வந்து நிற்கும் ஊர்ப் பொதுவிடமும்தான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள் நம் பாட்டன்மார். மந்து என்பதும் அதே வேரில் வந்த சொல். இது எனக்குத் தெரிந்தபோது வேலையில் பாதிக் காலம் ஓடிவிட்டது.

1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலையின் பெரும் பரப்பு காப்புக்காடு ஆனது. காடு என்றால் மரம் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்குப் புல்வெளி வெற்றிடமாகத் தெரிந்திருக்கிறது. வாட்டில் என்னும் சீகையும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் பைனும் சரிவு சரிவாக நட்டார்கள். சீகை மூடிய இடத்தில் புல் வராது, ஓரத்துச் சதுப்பும் வற்றும். பால் கோயில் கூரைக்கு வேண்டிய புல் அந்தச் சதுப்பில்தான் முளைக்கும். மேய்ச்சல் போனதும் எருமை குறைந்தது. எருமை குறைந்த பிறகு, இவர்கள்தான் மேய்ப்பதே இல்லையே, நிலம் எதற்கு என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் கோபமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

2006-இன் வன உரிமைச் சட்டம் கைக்கு வந்தபோது இரண்டு முறை படித்தேன். மூன்றாவது பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பது, இடம் பெயர்ந்து மேய்ப்பது இரண்டும் அதில் அடங்கும். 2008-இல் வந்த விதிகளில், மேய்ப்பவர்களின் கோரிக்கையை அவர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ இருக்கும் நேரத்தில்தான் களத்தில் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த ஜனவரிக் காலையில் நான் செய்தது அதற்கு நேர் எதிரான வேலை.

தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை இந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் வழங்க முடியவில்லை. தடை நீங்கியபின் கிராம சபைகள் மனு எழுத ஆரம்பித்தன. ஓய்வுக்குச் சில மாதம் முன்பு, ஒரு சபையின் வன உரிமைக் குழுவோடு எருமைத் தடம் பார்க்கப் போனேன். இளைஞர்கள் பலர் தனிநபருக்கான 'அ' படிவத்தைத்தான் கேட்டார்கள். வீட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் அது வேண்டியதுதான். ஆனால் தனி உரிமைக்கு 4 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. எருமை போகும் தூரம் அதற்குள் அடங்காது. 'ஆ' படிவத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கேளுங்கள், பக்கத்துப் படகர் ஊர் மாடுகள் இதே வழியில் வருமென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றேன். மறைத்தால் நாளைக்குச் சண்டை வரும். பழைய ஏற்பாடு இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். அவர்கள் வாயால் சொன்னதை எழுதி வைத்தால் விதிப்படி அதுவும் சான்று. இதை நம்பவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, சில நாளில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. நீலகிரியின் முக்கூர்த்தியும் தேசியப் பூங்காதான். தோடர்களின் நம்பிக்கையில் இறந்தவர்கள் மறு உலகுக்குப் போகும் வழி முக்கூர்த்தி மலையில்தான் இருக்கிறது. புலி வேண்டும், வரையாடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றோடு காலங்காலமாக அங்கே நின்ற எருமையை மட்டும் அந்நியன் என்று வெளியே தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தடம் பார்த்த அன்று ஒரு பாட்டி முன்னால் நடந்தார். நான் ஜிபிஎஸ் கருவியோடு பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இங்கே எந்த மாதம், எத்தனை நாள் என்று சொன்னார். ஒரு சதுப்பு ஓரத்தில், "இங்க பனிக்கு முன்னாடி மட்டும்தான், அப்புறம் விட மாட்டோம், புல்லு திரும்ப வரணும்ல?" என்றார். படத்தில் வழக்கமான கோட்டுக்குப் பதில் புள்ளி புள்ளியாகத் தடம் போட்டு, பக்கத்தில் மாதப் பெயர்களை எழுதினேன். இதற்குக் குறியீடே கிடையாதே என்று கூட வந்த இளைய அளவர் கேட்டார். ஓரத்தில் விளக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் பாட்டியிடம் வாசித்துக் காட்டினோம். ஐப்பசி என்று இருந்ததைக் கார்த்திகை என்று திருத்தச் சொன்னார்.