எக்ஸ்எல்லுக்கு 'ஆன்' போடலாமுங்களா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்ல சண்டைன்னா சாயம் ஒத்துவரலைன்னோ, ஷிப்மென்ட் லேட்டுன்னோதான் இருக்கும். போன வாரம் எங்க ஆபீஸ்ல நடந்தது இங்கிலீஷ் கிராமர் சண்டைங்க, 'ஏ' (a), 'ஆன்' (an), 'தி' (the) எங்க போடறதுன்னு.

ஆர்டர் வேலையப் பாத்துக்க புதுசா வந்த மெர்ச்சண்டைசர் தம்பி, நம்மகிட்ட சரக்கு வாங்கற நெதர்லாந்து பையருக்கு (buyer) நான் அடிச்சு வச்ச மெயிலைத் திருத்த ஆரம்பிச்சாப்ல.

"அக்கா, 'ஆன் எக்ஸ்எல்'னு போட்டிருக்கீங்க. எக்ஸ் வவ்வல் இல்லீங்களே, 'ஏ'தானே வரணும்?"

"எழுத்தை உடு கண்ணு, வாயில சொல்லிப் பாரு"ன்னேன். சொன்னாப்ல. 'எ'ன்னுதானே ஆரம்பிக்குது? எஸ், எம், எல் எல்லாமே அந்தக் கதைதான். டபுள் எக்ஸ்எல்லுக்கு மட்டும் 'ஏ', முன்னாடி 'ட' வந்து நின்னுக்குது. சின்னப் பசங்க உருப்படியில எட்டாம் சைஸுக்கு 'ஆன்', பத்தாம் சைஸுக்கு 'ஏ'. யூனிஃபார்முக்குப் பாத்தா 'யூ' இருக்கு, ஆனா வாயில வர்றது 'ய' சத்தம், அதனால 'ஏ யூனிஃபார்ம்'. தம்பி சைஸ் சார்ட்டை வச்சுட்டு முணுமுணுன்னு மந்திரம் ஓதற மாதிரி ஓதிட்டிருந்தாப்ல. பள்ளிக்கூடத்துல ஏ, ஈ, ஐ, ஓ, யூன்னு உருப்போட வச்ச புண்ணியவான்கள் சத்தத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்நேரம் பாத்து மொதலாளி உள்ள வந்தாரு. அவரு ஏற்கெனவே அந்தப் பையருக்கு மொதல் மெயில்லயே 'தி சேம்பிள் அனுப்பியாச்சு'ன்னு தட்டிவிட்டு, "எந்த சேம்பிள்?"னு அந்தாளு கேட்டுக் கொழம்பினவரு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சாமானுக்குத்தாங்க 'தி'. மொதத் தடவ சொல்றப்ப 'ஏ'தான்.

மெயிலை எட்டிப் பாத்தாரு. "நெதர்லாந்துக்கு எதுக்கு அம்மிணி 'தி'? ஜெர்மனிக்காரன் என்ன பாவம் பண்ணுனான்?"

"பேரே பன்மைல இருக்குதுங்க. ஹாலந்துன்னு எழுதினா வேண்டாமுங்க. நீலகிரின்னு மலைத்தொடரைச் சொன்னா 'தி' உண்டு, தொட்டபெட்டா ஒத்தைச் சிகரம், அதுக்கு இல்லீங்க. ஆத்துப் பேருக்கும் போடணுங்க, நம்ம நொய்யலுக்குக் கூட."

"நொய்யல் இருக்கற இருப்புக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்."

கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு நின்னாரு.

"ஏனம்மிணி, அட்ரஸ்ல 'தி' சேத்துனா கூரியர்காரன் எச்சா கேக்கமாட்டானில்ல?"

"கேக்கமாட்டாங்க."

"அப்பப் போட்டு உடு."