உலக முடிவில் வெள்ளைச் சுவர்

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளிக்குப் போனால் ஒன்பது மணிக்கு முன்பே உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நிற்க வேண்டும், பிறகு முகில் மூடிவிடும். இது எங்களுக்கும் தெரியும். ஆனால் நுவரெலியாவிலிருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட இருந்த வான் வண்டிக்குள் மச்சான் ஏறும்போது மணி ஆறு, பட்டிப்பொல தாண்டியதும் டயரிலும் காற்றுப் போய்விட்டது.

வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது என்று தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருந்த லேபிளைக்கூட உரித்து எடுத்தார்கள். மச்சான் முணுமுணுத்தான். கொஞ்ச நேரத்தில், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு ஆண் மரை மான் பாண் கிடைக்குமா என்று வான் கதவுக்குள்ளேயே தலையை விட்டது. ஈர மூக்கு என் முழங்காலில் முட்டியது. விட்டால் பாணைப் பையோடு சேர்த்தே விழுங்கியிருக்கும். அதற்குப் பிறகு மச்சான் வாயே திறக்கவில்லை.

சுற்றுப் பாதை ஏறக்குறைய 9.5 கிலோமீற்றர். கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் என்பதால் சின்ன ஏற்றத்துக்கே மூச்சு வாங்குகிறது. புல்வெளி என்றதும் பச்சைக் கம்பளத்தை நினைக்காதீர்கள். கொத்துக் கொத்தாய் மஞ்சள் பாரித்த முரட்டுப் புல், நடுநடுவே காட்டுத் திட்டு, காற்றுக்கு வளைந்து உச்சி தட்டையான குட்டை மரங்கள், ஓடைக்கரையில் இடுப்பளவு மூங்கில். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது, கால் வைத்தால் சப்பாத்துக்குள்ளும் போகிறது. முன்பு யானையும் இருந்ததாம், வேட்டையில் முடிந்துவிட்டது. இந்தப் பாதையில் வரும் பேக்கர் அருவிக்குப் பெயர் தந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரே நாய்களோடு மரை வேட்டையாடியவர்தான். தேசியப் பூங்கா ஆனது 1988இல்.

உலக முடிவுக்கு வந்தபோது பத்தரை. 870 மீற்றர் பள்ளம் என்கிறார்கள், நாங்கள் பார்த்தது ஒரு வெள்ளைச் சுவர். அரை மணி நேரம் காத்திருந்தும் விலகவில்லை.

சரி என்று அருவிப் பக்கம் திரும்பினால், பாசி படிந்த கிளையில் ஓர் ஓணான், மூக்கு நுனியில் பென்சில் கூர் போல வெள்ளைக் கொம்பு. இலங்கை மலைநாட்டில் மட்டுமே உள்ள இனம். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தும் அசையவில்லை, கண் மட்டும் மெல்ல உருண்டது. எனக்கு அந்த நாளுக்கு அது போதும்.

மச்சானுக்குப் போதாது, திரும்பப் போக வேண்டுமாம். போகலாம், முதல்நாள் இரவே அவனை வானுக்குள் படுக்கவைத்துப் பூட்டினால்.