முதல் வருடத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர்களுக்கு

நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். பிளஸ் டூ வகுப்பில் மொத்தம் 34 பேர். எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்த முகங்கள் என்பதால் நான் பேசாமலே இருந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்து, வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் தள்ளியிருந்த ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாளே செல்ஃப் இன்ட்ரோ. என் முறை வருவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருடம் சேரப்போகிற, என்னைப் போன்ற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கூச்சத்தை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன், எனக்கே அது இன்னும் இருக்கிறது. அது உங்கள் படிப்பை எந்த இடத்தில் தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்தால் போதும்.

என் விஷயத்தில் அது இயற்பியல் லேப். மூன்று பேருக்கு ஒரு மேசை. மற்ற இருவரும் நகரத்துப் பள்ளியில் படித்தவர்கள், கருவியில் சட்டென்று கை வைத்துவிடுவார்கள். நான் அப்சர்வேஷன் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் சொல்கிற ரீடிங்கை எழுதுவேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானேதான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன், அதில் பேச வேண்டியதில்லை என்பதால். நோட்டு அழகாக இருந்தது, கையெழுத்தும் வாங்கினேன். செமஸ்டர் நடுவில் லேப் டெஸ்ட் வைத்தார்கள். டிராவலிங் மைக்ரோஸ்கோப் (அளவுகோல் மேல் நகர்த்தி நுண்ணிய தூரத்தை அளக்கும் நுண்ணோக்கி) முன்னால் தனியாக நின்றேன். பட்டையில் நட்டிருக்கும் குண்டூசியின் முனையை உள்ளே பார்க்க வேண்டும். இருபது நிமிடம் திருகியும் மங்கலான வெளிச்சம்தான் தெரிந்தது.

நான் படித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிகளில், லேபுக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 60, செமஸ்டர் தேர்வு 40 என்று இருந்தது. வாராவாரம் அந்த மேசையில் என்ன செய்கிறோம் என்பதற்குத்தான் பாதிக்கு மேல் மதிப்பெண் இருந்தது. அன்று இரவு ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன்: "இன்னைக்கு நான் பார்க்கிறேன், நீ எழுதுறியா?" அடுத்த வாரம் லேப் வாசலிலேயே, உள்ளே போகும் முன் அதைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் "சரி, எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. முன்கூட்டியே தயார் செய்த ஒரு வாக்கியம் கூச்சக்காரர்களுக்குப் பெரிய துணை. அந்த நேரத்தில் யோசித்துப் பேசலாம் என்றால் வாய் வராது.

இன்னொன்று, கூச்சம் என்று நான் நினைத்ததில் பாதி கூச்சமே இல்லை, வார்த்தை தெரியாததுதான். கணக்கில் முதல் பாடம் மேட்ரிக்ஸ். அணியின் நேர்மாறு காணச் சொன்னால் தூக்கத்திலும் போடுவேன். இன்வெர்ஸ் என்றால் விழிப்பேன். சேர்ப்பு அணிதான் அட்ஜாயின்ட், அணித்தரம்தான் ரேங்க் என்று தெரியாமல் இரண்டு வாரம் போனது. கடைசியில் பள்ளிப் பாடப்புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து, நோட்டின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக எழுதினேன். நாற்பது வார்த்தைகள்கூட இல்லை. கல்லூரி திறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். இரண்டு புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சந்தேகத்தை வகுப்பு நடுவில் கேட்க வராவிட்டால் பரவாயில்லை. வகுப்பு முடிந்து மேடம் வெளியே போகும்போது நோட்டோடு கூடவே நடந்துபோய்க் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், "இந்த ஸ்டெப்புல இது எப்படி வந்துச்சு மேடம்?" என்று. வரியைக் காட்டிக் கேட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

ஹாஸ்டலைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை மாலை ஆனதும் பஸ் ஏறிவிடாதீர்கள். முதல் இரண்டு மாதம் நான் எல்லா வாரமும் ஊருக்குப் போனேன். சனி ஞாயிறில்தான் எல்லோரும் சேர்ந்து துணி துவைத்து, கதை பேசி, நெருங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை நான் மறுபடியும் புதுசாக நின்றேன். மெஸ்ஸில் தனியாக உட்கார வேண்டுமே என்று சாப்பாட்டைத் தவிர்த்த இரவுகளும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், பசியோடு படிப்பு ஏறாது. பக்கத்து அறை அக்கா ஒருநாள் கதவைத் தட்டி "சாப்பிட வர்றியா?" என்றார். அதன்பிறகு நானே போய் அவர் கதவைத் தட்ட ஆரம்பித்தேன்.

ராகிங் வேறு விஷயம். பயமுறுத்தினால், எதையாவது செய்யச் சொல்லி வற்புறுத்தினால், அதைக் கூச்சத்தோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1997லிருந்தே அது சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். தூக்கம் இல்லாமல், அழுகை நிற்காமல் நாட்கள் போனால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

செமஸ்டர் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது நான்-யூனிஃபார்ம் பெண்டிங், அதாவது இரு பக்கமும் தாங்கிய பட்டையின் நடுவில் எடை தொங்கவிட்டு அது எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் சோதனை. குண்டூசி முனையைக் குறுக்குக் கம்பியில் நிறுத்திவிட்டேன். வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் சார் குனிந்து பார்த்துவிட்டு, "எடை போட்டா பட்டை கீழதானே இறங்கும், ஊசி ஏன் மேல போகுது?" என்றார். "உள்ளே பிம்பம் தலைகீழா தெரியும் சார், அதனாலதான்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.