ட்ரோன் நல்லாதான் இருக்கு, போன்தான் ஒத்துவரல

மச்சான் வாங்கிட்டு வந்த சின்ன ட்ரோன புளியரை வயக்காட்டுல பறக்கவிடலாம்னு போனா, அவன் போன்ல ஆப் ஏறவே மாட்டேங்குது, அது பழைய 32 பிட் வகை ஆண்ட்ராய்டு, இந்த ஆப் புது 64 பிட் வகைக்கு மட்டுந்தான். சரின்னு என் போன்ல போட்டா அது வேற கூத்து. ட்ரோன் விடுற வைஃபைல போன சேத்தாத்தான் படம் வரும், ஆனா அந்த வைஃபைல நெட் கிடையாதுல்ல, அதனால போன் தானாவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிடுது, ஸ்க்ரீன்ல வீடியோ அப்படியே நிக்குது, மேல ட்ரோன் ஆரியங்காவு கணவாய்க் காத்துல ஆடிட்டு கெடக்கு, மச்சான் "ஏ மாப்ள, எறக்குலே எறக்குலே"ன்னு கத்துறான். டேட்டாவ ஆஃப் பண்ணுனப்புறம்தான் படம் வந்துச்சு.

டிஜேஐ கம்பெனி ட்ரோனுக்கான டிஜேஐ ஃப்ளை ஆப்பெல்லாம் ப்ளே ஸ்டோர்லயே இல்ல, கம்பெனி சைட்ல போய் ஏபிகே, அதான் ஆப்ப நேரா போன்ல ஏத்துற ஃபைல, எறக்கணும். எந்த போனுக்கு ஆகும்னு பாக்ஸ்ல பெருசா போட்டா என்னவாம்? வாங்குறதுக்கு முன்னாடியே ஆப்ப உங்க போன்ல போட்டுப் பாத்துருங்க, அதுக்கென்ன காசா பணமா.