ஆபரேஷன் சுலபமாக முடிந்தது, ரெனோகிராம்தான் படுத்தியெடுத்தது

மகனுக்கு இடது சிறுநீரகத்தில் பியுஜே அடைப்பு, அதாவது சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு. வயிற்றில் இருக்கும்போதே ஐந்தாம் மாத ஸ்கேனில் வீக்கம் தெரிந்துவிட்டது. இப்படித் தெரியும் வீக்கம் நிறைய குழந்தைகளுக்குத் தானாகவே குறைந்துவிடும், அவனுக்குக் குறையவில்லை. ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பிதான் என்றாலும் ரெனோகிராம் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, சிறுநீர் எப்படி வடிகிறது என்று பார்க்கும் ஸ்கேன்) பார்க்காமல் சர்ஜன் தேதி கொடுக்க மாட்டார். அந்தப் பக்கத்தின் வேலைத்திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, ஸ்கேனுக்கு ஸ்கேன் இறங்குகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஸ்கேன் சென்டரில் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் காலில் ஊசி ஏற்றினார்கள். சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் போடவில்லை. டயப்பர் காய்ந்தே கிடந்தது, அடிவயிறு உப்பியிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. முடிந்ததும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சிறுநீர் போன பிறகு இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். அதையும் எடுக்கவில்லை. சர்ஜன் அந்த கிராஃபைப் பார்த்தவுடனே ஓரமாக வைத்துவிட்டார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் மேலே இருப்பது சரியாக வடியாது, நல்ல சிறுநீரகம்கூட அடைப்பு மாதிரி காட்டும். "இதை வச்சு முடிவு பண்ண முடியாது, திரும்ப எடுத்துட்டு வாங்க."

சென்டரில் கேட்டால், "சீட்டுல கதீட்டர்னு எழுதலையே சார்" என்று கூசாமல் சொன்னார்கள். மறுபடி ஊசி, மறுபடி கதிரியக்க மருந்து. இந்தத் தடவை கதீட்டர், போதிய நீர்ச்சத்து, லேசிக்ஸ் (சிறுநீரை அதிகமாக வரவைக்கும் மருந்து), நிமிர்த்திய படம் எல்லாவற்றையும் சர்ஜனிடம் சீட்டிலேயே எழுதி வாங்கிப் போனேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். லேசிக்ஸ் போட்ட பிறகும் கதிரியக்க மருந்து வடியாமல் கிராஃபில் கோடு இறங்கவே இல்லை, அடைப்பு உறுதி. நீங்களும் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்களையும் கிராஃபையும் கேட்டு வாங்குங்கள்.

யூரின் கல்ச்சரிலும் ஒரு சிக்கல். ஒட்டும் பையில் பிடித்த சாம்பிளில் தோல் கிருமி கலந்து பாசிட்டிவ் வந்தது. கதீட்டர் வழியாக எடுத்ததில் ஒன்றுமே இல்லை.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இணைத்தார்கள். ஓரிரு நாளில் தவழ ஆரம்பித்துவிட்டான்.

சிறுநீர் தடையில்லாமல் இறங்க, உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைப் பெரும்பாலும் வைத்து அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எப்போது எடுப்பது என்ற தேதியே இல்லை! நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டு எழுத வைத்தேன். பொதுவாகச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். மறந்து விட்டுவிட்டால் அதன் மேலேயே கல் படியும். எடுப்பதற்கும் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும், இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

இன்னொன்று. ஸ்டென்ட் எடுத்த பிறகு பார்க்கும் ஸ்கேனிலும் 'வீக்கம் உள்ளது' என்றுதான் பெரும்பாலும் வரும். விரிந்துபோன பகுதி சுருங்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுசாகச் சுருங்குவதே இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அளவை ஒப்பிட்டுத்தான் சர்ஜன் பதில் சொல்வார்.