காரைக்குடியிலிருந்து கடல் தூண்டில்: எட்டு மணி நேரப் பயணத்தில் முள் தண்ணீரில் கிடப்பது எவ்வளவு?

கண்மாயில் தூண்டில் போடுகிறவருக்கு நேரக் கணக்கே தேவையில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். கடிக்கவில்லையா, எழுந்து வந்துவிட்டுச் சாயங்காலம் மறுபடி போகலாம். கடல் அப்படி இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனாலும் சரி, அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் போனாலும் சரி, காரைக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. டூ வீலரில் ஒரு வழிக்கு ஒன்றே கால் மணி நேரம். போக வர இரண்டரை மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. அதனால்தான் ‘ஒரு தடவை கடலுக்குப் போனால் எவ்வளவு நேரம் ஆகும்’ என்பதை நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தோம். இதுவரை தெரிந்தது இங்கே.

மற்ற நாடுகளில் வாடகைப் படகுக்காரர்கள் அரை நாள் என்றால் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் பொழுதுபோக்கு மீன்பிடிக் கணக்கெடுப்பில், கரை திரும்பும் ஆளிடம் எத்தனை மணி நேரம் மீன் பிடித்தீர்கள் என்பதைத் தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள். நமக்கும் அதுதான் சரியான அளவு. வீட்டை விட்டு வெளியே இருந்த நேரம் வேறு, முள் தண்ணீருக்குள் கிடந்த நேரம் வேறு.

நோட்டில் ஐந்தே நேரம்: வீட்டை விட்டது, கரை சேர்ந்தது, முதல் வீச்சு, கடைசி வீச்சு, வீடு திரும்பியது. இதோடு ஒவ்வொரு கடியும் விழுந்த நேரம். மீன் ஏறியதா தப்பியதா என்பது இரண்டாம் பட்சம். கடி விழுந்தாலே குறித்தாக வேண்டும். போனில் எழுதினால் கை ஈரத்துக்குத் திரை வேலை செய்யாது. பென்சிலும் சிறிய நோட்டும்தான் தோது. பேனா மை உப்புத் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

வழக்கமான காலைப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3.45-க்குக் கிளம்பி 5 மணிக்குக் கரை, 5.30-க்கு முதல் வீச்சு, 10 மணிக்குக் கடைசி, 12-ஐ ஒட்டி வீடு. வெளியே இருந்தது எட்டேகால் மணி நேரம். முதல் வீச்சுக்கும் கடைசி வீச்சுக்கும் நடுவில் இருப்பது நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். அதில் எதெல்லாம் தின்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இரையைப் பார்க்கிறோம், சுற்றி எடுத்து இரை மாற்றி வீச இரண்டு நிமிடம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று; 54 நிமிடம். பழைய வலைத் துண்டிலோ சிப்பியிலோ மாட்டி அறுந்தால், நரம்பில் முள்ளும் ஈயமும் சேர்ந்த கட்டு ஒன்றைப் புதிதாகக் கட்ட, இருட்டில், எட்டு நிமிடம். ஐந்து தடவை என்றால் 40. கெளுத்தி வாயிலிருந்து முள்ளைக் கழற்ற 15. டீ, பலகாரம் 20. இடம் மாறுவது 25. எல்லாம் போக மிச்சம் 116 நிமிடம். எட்டேகால் மணி நேரத்தில் முள் வேலை செய்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இதை எப்படிக் கூட்டுவது என்பதுதான் செய்து பார்த்த வேலை. பயணத்தை நீட்டிப் பயனில்லை. பத்து மணிக்கு மேல் பாக் விரிகுடாக் கரையில் வெயிலும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். கரை கிழக்குப் பார்த்தது. நிலம் சூடேறியதும் கடற்காற்று நேரே முகத்துக்கு அடிக்கும். எண்பது கிராம் ஈயம்கூட முன்பு விழுந்த தூரத்துக்குப் போகாது. எனவே நீட்டாமல், உள்ளே வீணாவதைப் பிடுங்க வேண்டும்.

முதல் ஆதாயம் கட்டு கட்டுவதில். கரையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவதை அடியோடு விட வேண்டும். வீட்டில் பத்துக் கட்டு கட்டி, ஒவ்வொன்றையும் தனி ஜிப் கவரில் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு நிலைத்த அளவு இது: 0.50 மி.மீ. தங்கூஸ் நரம்பு ஒரு மீட்டர், மேலே ஸ்விவல், கீழே ஈயம் மாட்டக் கிளிப். நடுவில் இரண்டு கிளை, ஒவ்வொன்றும் 20 செ.மீ., இரண்டுக்கும் இடைவெளி 45 செ.மீ. இந்த 45-ஐக் குறைக்கக் கூடாது. இரண்டு கிளையின் நீளத்தையும் கூட்டினால் 40. இடைவெளி அதற்குக் கீழே வந்தால் மேல் முள்ளும் கீழ் முள்ளும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துப் பின்னிக்கொள்ளும். பாதிச் சிக்கலுக்குக் காரணம் இதுதான், பழியைக் காற்றின் மேல் போடுகிறோம். கிழங்கானுக்கு 6 அல்லது 8-ஆம் எண் முள், விளைமீன், கெளுத்திக்கு 1/0. ஊளி சுற்றுகிற நாளில் நரம்பு நிற்காது, அதன் பல்லுக்கு மெல்லிய கம்பி லீடர் வேண்டும்.

ரீலில் இருப்பது 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) என்றால், அதன் முனையில் 40 பவுண்டு நரம்பு ஆறு மீட்டர் சேர்த்தாக வேண்டும். பத்தடி ராடில் எண்பது கிராமை ஓங்கி வீசும்போது முதல் அதிர்ச்சி முழுவதும் இந்தத் துண்டில்தான் விழும். இது இல்லாமல் வீசினால் பிரெய்டு அறுந்து ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும், பக்கத்தில் நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். சேர்க்கிற முடிச்சை முந்தின இரவே போட்டு, வழிகாட்டி வளையங்களுக்குள் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மாட்டிக்கொள்ளும் இடமாக இருந்தால், படகுத்துறைத் தூண் பக்கம், சிப்பி படிந்த கல் பக்கம், ஈயத்தை 0.30 மி.மீ. மெல்லிய நரம்பில் தொங்கவிடலாம். மாட்டினால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் கட்டும் திரும்பும். ஆனால் இதைக் கையால் மெல்ல இறக்கும் இடத்தில் மட்டும். ஓங்கி வீசினால் அந்த மெல்லிய துண்டே அறுந்துவிடும். துறைமுக வளாகத்துக்குள் உட்கார விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். காவலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவதே மரியாதை. வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் முள்ளோடு நடக்கவே கூடாது.

அடுத்தது இரை. உரித்த பச்சை இறாலைக் காரலும் கீச்சானும் நாலைந்து நிமிடத்தில் நக்கித் தீர்த்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது. ராட் முனை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். வெறும் முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தையும் கழித்தால் அந்த 116 இன்னும் சுருங்கும். மருந்து உப்புதான். சின்ன இறால் அரைக் கிலோவை உரித்து, கல் உப்பு 150 கிராம் தூவிப் பிசிறி, சல்லடையில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் தண்ணீரெல்லாம் கிண்ணத்தில் நிற்கும், இறால் ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். தூள் உப்புப் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே குழைந்து கிடக்கிறது. கல் உப்பு மெதுவாக இறங்குவதால் சீராக இழுக்கிறது. முள்ளில் குத்திய பிறகு தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய எலாஸ்டிக் நூலை எட்டுப் பத்துச் சுற்று இழுத்துச் சுற்றி அறுத்துவிடலாம், முடிச்சே வேண்டாம். முள் முனையை மட்டும் நூல் மூடக் கூடாது. கணவாய்த் துண்டு என்றால், ஒரு செ.மீ. அகலம், ஐந்து செ.மீ. நீளம், நூலே தேவையில்லை. இப்படிச் செய்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 54 நிமிடம் என்பது முப்பதை ஒட்டி வந்துவிடுகிறது. தயார்க் கட்டை மாற்ற ஒரு நிமிடம்தான் என்பதால் அந்த 40, ஐந்தாகிறது. மூக்கு நீண்ட பிளையர் கையில் இருந்தால் முள் கழற்றுவதும் ஐந்து நிமிடத்தோடு சரி. இடம் மாறாமல், தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டே சாப்பிட்டால் அதே 270-இல் இருநூற்றுச் சொச்சம் நிமிடம் முள் உள்ளே இருக்கும்.

கெளுத்தியை அவசரத்தில் கையால் பிடிக்கக் கூடாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றும் விஷம். ஓராவின் முதுகு முள்ளும் அப்படியே. திருக்கைக்கு வாலில். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியை ஒட்டிய வெந்நீரில், குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வலி இறங்கும். ஆழக் குத்தியிருந்தாலோ முள் உள்ளே நின்றிருந்தாலோ ஆஸ்பத்திரிதான். டீயைக் கலந்து கொண்டுபோகாமல் பிளாஸ்கில் வெறும் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகவும்தான். பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குத்தாத கையால் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். பேத்தை ஏறினால் விட்டுவிடுங்கள், சமையலுக்கு அது எந்த வகையிலும் ஆகாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை, மாட்டினால் அப்படியே தண்ணீருக்குள்.

உள்ளே வீணாவதைப் பிடுங்கியாயிற்று. அதைவிடப் பெரிய ஆதாயம், எந்த நாலு மணி நேரம் என்பதைத் தேர்ந்தெடுப்பதில் வந்தது. கடி விழுந்த நேரங்களைப் பார்த்தால் அவை நாள் முழுக்கப் பரவி இல்லை. தண்ணீர் ஏறுகிற கடைசி ஒன்றரை மணி நேரத்திலும், வற்றத் தொடங்குகிற முதல் ஒரு மணி நேரத்திலும் குவிந்து கிடக்கின்றன. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் கரை சரிவில்லாத சேற்றுத் தரை என்பதால் அரை மீட்டர் இறங்கினாலே தண்ணீர் வெகு தூரம் பின்வாங்கிவிடும். ஏற்றத்தில் மீன் கரைப் புல்வெளிக்கு இரை தேடி வருகிறது. வற்றில் நாம் எவ்வளவு ஓங்கி வீசினாலும் முழங்கால் தண்ணீரில்தான் விழும்.

ஏற்ற நேரத்தைக் கண்டுபிடிக்க, மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்கோய்ஸ் தளத்தின் முன்னறிவிப்பு உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். உங்கள் இடத்தில் அமாவாசையன்று தண்ணீர் நிறைகிற நேரத்தை ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். முப்பது திதியில் அந்த நேரம் முழுச் சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. அறுபது நாழிகையை முப்பதால் வகுத்தால் திதிக்கு இரண்டு நாழிகை, 48 நிமிடம். பிரதமைக்கு 48 நிமிடம் தள்ளி, துவிதியைக்கு 96 நிமிடம் தள்ளி என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், நடுவில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இது சராசரிக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தள்ளிப்போவது இதைவிடக் குறைவு, அஷ்டமிப் பக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். காற்றும் முன்பின் தள்ளும். அதனால் போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, விரற்கடை விரற்கடையாகக் கீறி வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு கீறல் மூழ்கினால் இன்னும் ஏறுகிறது. இரண்டு பார்வைக்கும் அதே கீறலில் நின்றால் நிறைந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்றம் காலை ஏழு, எட்டு மணியை ஒட்டி வருகிற திதிகள்தான் காரைக்குடிக்காரருக்குத் தோதானவை. அந்த நாளில் 5 மணிக்கு மெதுவாகக் கிளம்பி, 6.15-க்குக் கரை சேர்ந்து, 9.30-க்குச் சுருட்டிவிடலாம். வீட்டுக்கு 11 மணிக்கு முன்பே. மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள், நல்ல கடி நேரத்தில் பெரும்பகுதி உள்ளே அடங்கிவிடுகிறது. மதியம் ஒரு மணிக்கு ஏற்றம் என்கிற ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் தூங்கலாம், தப்பில்லை.

பருவமும் நேரத்தை மாற்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று முதுகுப் பக்கமிருந்து அடிப்பதால் கரையோரம் அலையில்லாமல், வீச்சுக்குத் தூரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் கடல்புல்லும் கடல்தாழையும் பிடுங்கிக்கொண்டு கரையேறும். ஒவ்வொரு இழுப்புக்கும் நரம்பில் கைப்பிடி கைப்பிடியாகப் பாசி. அதை உரித்தெடுக்கிற நேரத்தைக் கூட்டினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். அந்தப் பருவத்தில் தெற்கு வெள்ளாற்று முகத்துவாரம் மாதிரி இடங்களில் மழைத் தண்ணீர் கலங்கலாகவும் வரும். போகாமலிருப்பது உத்தமம். அறுந்த நரம்பை மட்டும் எந்தப் பருவத்திலும் கரையில் விட்டு வரக் கூடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவை மேய்வது இதே புல்லில்தான்.

படகில் போனால் நேரம் மிச்சமாகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மீன்பிடிக்கப் பதிவான நாட்டுப்படகு பயணிகளை ஏற்றுவதற்கானது இல்லை, லைஃப் ஜாக்கெட் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை, 1974-இல் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோடும் அதிகத் தொலைவில் இல்லை. நாங்கள் கரையோடு நிற்கிறோம்.

கணக்கில் சேராத ஒன்று வீடு திரும்பிய பிறகு வருகிறது. மீனுக்குச் சம எடை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியைக் கழுவ வேண்டும். ரீலின் பிடிப்புத் திருகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவ வேண்டும். வேகமாகக் குழாயைப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்து, திருகைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். மீன் சுத்தம் செய்வதைத் தவிர்த்தே இதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது. நோட்டில் இப்போது இதற்கும் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அடுத்து எழுதப்போவது மாலை ஏற்றம்: நாலு மணிக்குக் கரை, எட்டரைக்குச் சுருட்டல். தலைவிளக்கு வெளிச்சத்தில் கட்டு மாற்ற ஒரு நிமிடம் போதுமா என்பதையும், திருவாடானைச் சாலையில் இரவில் படுத்திருக்கும் மாடுகளுக்காகத் திரும்பும் நேரத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையும் அதில் பார்க்க வேண்டும்.